மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னால்: திருகோணமலையில் முதல் தடவை சேருவோருக்கு

இதை இரண்டு பேரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர், மாதாந்தக் கிளினிக்குக்குப் போன இடத்தில் "ஒரு ஆய்வு நடக்குது, சேர விருப்பமா?" என்று கேட்கப்பட்டவர். மற்றவர், தன்னுடைய வருத்தத்துக்கோ பிள்ளையின் வருத்தத்துக்கோ புதிய மருந்து எங்காவது ஆய்வில் இருக்கிறதா என்று தானாகவே தேடுபவர். இருவருக்கும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் டொக்டர் சொன்னால் மறுபேச்சு இல்லை. சம்பூரிலிருந்து விடிய பஸ் ஏறி வந்த ஓர் அம்மாவிடம் நாலு பக்கத் தாளை நீட்டினால், "எங்க மகள் போடுறது?" என்று கேட்டுக்கொண்டே பேனையைக் கையில் எடுத்துவிடுவார். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "டொக்டர் எங்களுக்குக் கெடுதல் செய்வாரா" என்பார். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

சிகிச்சை வேறு, ஆய்வு வேறு

கிளினிக்கில் டொக்டர் மருந்து எழுதும்போது, உங்களுக்கு எது நல்லது என்று மட்டும் யோசித்து எழுதுகிறார். ஆய்வில் கேள்வி வேறு: இந்த மருந்து வேலை செய்கிறதா, பழைய மருந்தைவிட நல்லதா, என்ன பக்கவிளைவு வருகிறது? அதற்கு விடை காண்பதுதான் நோக்கம். உங்களுக்கும் நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உங்களை வழக்கமாகப் பார்க்கும் டொக்டரே ஆய்வையும் நடத்தினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அப்படியான வேளையில் நேராகக் கேளுங்கள்: "டொக்டர், இது எனக்கான வைத்தியமா, ஆய்வுக்காகவா?"

பிறகு ஏன் சேர வேண்டும்? தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயலுக்குப் போகிற குடும்பங்களுக்குப் புடையன் கடி என்றால் என்னவென்று தெரியும். இங்கே ஏற்றப்படும் பாம்பு விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதை ஏற்றும்போது பலருக்கு உடம்பு தடிப்பதும், மூச்சு முட்டுவதும், பிரஷர் விழுவதும் நடக்கும். அதைத் தடுக்கவென்று பல வகை ஊசிகளை முன்கூட்டியே போட்டுவந்தார்கள். எது உண்மையில் தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. இலங்கையில் பாம்பு கடித்த 1,007 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. குறைந்த அளவு அட்ரினலின் ஊசி கடுமையான எதிர்விளைவுகளைத் தெளிவாகக் குறைத்தது. ஹைட்ரோகோட்டிசோன், புரொமெதசின் என்ற மற்ற இரண்டு ஊசிகளும் குறைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு போடப்பட்ட ஊசிகளில் எது வீண் என்று தெரிய ஆயிரம் பேரின் சம்மதம் தேவைப்பட்டது. யாரும் சம்மதிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் ஊகத்தில்தான் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எல்லா ஆய்வும் புது மருந்தைச் சோதிப்பதில்லை. சிலவற்றில் கேள்வித்தாள் நிரப்பி, ஒரு தரம் இரத்தமும் சிறுநீரும் கொடுத்தால் முடிந்தது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் காணப்படும் பதவிசிறிபுர போன்ற இடங்களில் நடக்கக்கூடிய கணக்கெடுப்பு ஆய்வுகள் அந்த வகை. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரோடு நடந்த ஓர் இரத்த அழுத்த ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். 2020இல் வெளியான முடிவில், அப்படிப் போன ஊர்களில் பிரஷர் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆகவே "ஆய்வு" என்று கேட்டவுடனே பயப்படவும் வேண்டாம், எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கவும் வேண்டாம். உங்களிடம் கேட்கப்படுவது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்துச் சோதனை என்றால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். முதற் கட்டத்தில், பெரும்பாலும் உடல்நலமுள்ள ஒரு சிறு தொகையினருக்கு மருந்தைக் கொடுத்து, உடம்பு தாங்குகிறதா, எந்த அளவு சரி என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகள் சிலருக்கும், மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கும் கொடுப்பார்கள். நான்காம் கட்டம் மருந்து கடைக்கு வந்த பிறகு. கட்டம் முந்தியதாக இருந்தால், அந்த மருந்தைப் பற்றித் தெரியாதது அதிகம் என்று பொருள்.

தானாகத் தேடுபவர்கள் எங்கே தேடுவது

இலங்கை மருத்துவ சங்கம் 2006 முதல் மருத்துவ ஆய்வுகளுக்கான ஒரு தேசியப் பதிவேடு நடத்துகிறது. எஸ்.எல்.சி.டி.ஆர். (SLCTR) என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் பதிவேட்டு வலையமைப்பில் அதுவும் ஒன்று. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், அதனால் நோயின் ஆங்கிலப் பெயரை கிளினிக் கொப்பியில் பார்த்து எழுதித் தேடுங்கள். கொப்பியிலுள்ள எழுத்து விளங்காவிட்டால் மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பதிவைத் திறந்தால் நாலு விஷயங்களைப் பாருங்கள். ஆட்களை இன்னும் சேர்க்கிறார்களா, முடித்துவிட்டார்களா. யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள்: வயது, நோயின் நிலை, கர்ப்பம், வேறு வருத்தங்கள் எல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். எந்த வைத்தியசாலையில் நடக்கிறது. எந்த நெறிமுறை மீளாய்வுக் குழு, அதாவது சேருவோரின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் குழு, அனுமதி கொடுத்தது. தொடர்புகொள்ள வேண்டிய ஆளின் விவரமும் அதிலேயே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் தேடல் பக்கத்தில் நாட்டின் பெயரைப் போட்டால் வெளிநாட்டுப் பதிவேடுகளில் உள்ள இலங்கை ஆய்வுகளும் வரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் உள்ள நகரங்களில்தான் நடக்கின்றன. எங்களுக்குக் கிட்டிய போதனா வைத்தியசாலைகள் என்றால் அனுராதபுரம், மட்டக்களப்பு போன்ற ஊர்களில். கொழும்பு என்றால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர், இரவு ரயிலோ பஸ்ஸோ. "மாதம் ஒரு தரம் வர வேண்டும்" என்பது கொழும்பில் இருக்கிறவருக்கு அரை நாள் வேலை. நிலாவெளியில் இருக்கிறவருக்கு அது ஓர் இரவுப் பயணம், ஒரு நாள் கூலி, கூட வரும் ஆளின் கூலியும் சேர்த்து. தேடும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பாதியில் விட்டுவிடுவோம் என்று தெரிந்தால், சேராமல் இருப்பதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

சித்த மருத்துவ ஆய்வுக்கும் இதே விதிகள்தான். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். யார் ஆய்வு செய்தாலும், மூலிகை மருந்து என்றாலும், நெறிமுறை அனுமதியும் உங்கள் சம்மதமும் வேண்டும். "இது நாட்டு மருந்துதானே, ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் அதை அனுமதிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாளை வாசிப்பது

தரப்படுவது இரண்டு தாள்கள். ஒன்று தகவல் பத்திரம், மற்றது சம்மதப் பத்திரம். இரண்டும் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ளதைக் காட்டி, "இதில் இப்படித்தான் இருக்குது" என்று வாயால் சொல்லிக் கையெழுத்து வாங்கப் பார்த்தால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கையில் எடுத்ததும் பக்கத்தின் கீழே பாருங்கள். சிறிய எழுத்தில் பதிப்பு இலக்கமும் திகதியும் இருக்கும். நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்தது அந்தப் பதிப்பைத்தான். இடையில் ஏதாவது மாறினால், புதிய பக்கவிளைவு ஒன்று தெரியவந்தால், புதுத் திகதியோடு புதுத் தாள் வரும், திரும்பவும் சம்மதம் கேட்பார்கள். பழைய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே, பிறகெதற்கு என்று அலட்சியமாக விடாதீர்கள். மாறியது என்ன என்று சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

இரத்தம் எவ்வளவு எடுப்பார்கள் என்பதில்தான் எங்கள் ஆட்களுக்குப் பயம் கூட. தாளில் மில்லி லீற்றரில் போட்டிருப்பார்கள். 5 மில்லி லீற்றர் ஒரு தேக்கரண்டி. 10 என்றால் இரண்டு கரண்டி. இரத்ததான முகாமில் எடுப்பது ஏறத்தாழ 450. அளவைவிட முக்கியமான கேள்வி, அந்த இரத்தம் எங்கே போகிறது என்பது. வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்களா, மிச்சத்தைச் சேமித்துப் பிறகு வேறு ஆய்வுக்கு எடுப்பார்களா, மரபணுச் சோதனை செய்வார்களா? இவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வுக்குச் சம்மதித்துவிட்டு, சேமிப்புக்கு மட்டும் இல்லை என்று சொல்ல இடமிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் கேட்டால் இங்கே பலருக்கு மனம் கூசும். நாங்கள் கடந்து வந்த காலம் அப்படி. ஒழுங்கான ஆய்வில் உங்கள் பெயர் ஒரு பூட்டிய பட்டியலில் மட்டும் இருக்கும், மற்ற எல்லாப் படிவத்திலும் இரத்தக் குழாயிலும் ஓர் இலக்கம்தான். அந்தப் பட்டியல் யாரிடம் இருக்கும், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

குலுக்கிப் போடுவது

பல ஆய்வுகளில் உங்களுக்கு எந்த மருந்து என்பதை டொக்டர் தீர்மானிப்பதில்லை. கணினி குலுக்கிப் போடும். ஒரு பகுதியினருக்குப் புது மருந்து, மறு பகுதியினருக்குப் பழைய மருந்து அல்லது மருந்துச் சத்து இல்லாத குளிசை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எது உங்களுக்கு என்று உங்களுக்கும் தெரியாது, பல வேளைகளில் டொக்டருக்கும் தெரியாது. "அப்ப எனக்கு வெறும் குளிசையா தருவாங்கள்?" என்று கோபப்படுவோர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஆள் பார்த்து மருந்து கொடுத்தால், குணமானது மருந்தாலா ஆளின் பலத்தாலா என்று கடைசிவரை தெரியாது.

வெறும் குளிசை எல்லா ஆய்விலும் இல்லை. இலங்கையில் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரோடு நடந்த இரத்த அழுத்த ஆய்வு ஒன்றில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசையை ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. 2018இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் குளிசைக் குழுவில் 70 வீதமானோருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்திருந்தது, வழக்கமான சிகிச்சையில் 55 வீதமானோருக்கு. இதில் யாரும் மருந்தில்லாமல் விடப்படவில்லை. உங்களுடைய ஆய்வில் மற்றக் குழுவுக்கு என்ன கிடைக்கும், இப்போது குடிக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால், எவ்வளவு காலம், யார் கவனிப்பார்கள் என்று கேளுங்கள்.

அனுமதி, காசு, பொறுப்பு

மருந்துச் சோதனைக்கு இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று நெறிமுறை மீளாய்வுக் குழு. யாழ்ப்பாணம், கொழும்பு மருத்துவ பீடங்களிலும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் அப்படிக் குழுக்கள் உண்டு. மற்றது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. தகவல் பத்திரத்தில் குழுவின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆய்வில் சேர நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பதிவுக் காசு, மருந்துக் காசு, "முன்னுக்குப் போடுகிறேன்" என்று இடைத்தரகர் கேட்கும் காசு எதுவானாலும் அது மோசடி. மறுபக்கம், பஸ் காசு, சாப்பாடு, போன நாள் கூலி ஆகியவற்றைத் தருவார்களா என்று நீங்கள் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம். எவ்வளவு, ஒவ்வொரு வருகைக்குமா, கடைசியிலா என்று எழுத்தில் இருக்கட்டும். ரிக்கற்றுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி: மருந்தால் உடம்புக்கு ஏதாவது நடந்தால் செலவு யாருடையது? காப்புறுதி இருக்கிறதா, நட்டஈடு உண்டா? தாளில் இது ஒரு பந்தியாக இருக்கும். அந்தப் பந்தியை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். 2006இல் லண்டனில் ஒரு முதற் கட்டச் சோதனையில் மருந்து ஏற்றப்பட்ட ஆறு இளைஞர்களும் ஒரு நாளுக்குள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் தப்பினார்கள். அதற்குப் பிறகு, முதன்முறையாக மனிதருக்குக் கொடுக்கும் மருந்துகளுக்கான விதிகள் இறுக்கப்பட்டன. இப்படி நடப்பது அரிது என்றாலும், அரிது என்பதற்காகக் கேட்காமல் விட முடியாது.

கையெழுத்து

வீட்டில் வாசித்தீர்கள், மகனோ மருமகளோ வாசித்தார்கள், குடும்ப வைத்தியரிடமும் காட்டினீர்கள். இனிச் சம்மதம் என்றால், கையெழுத்தோடு திகதியையும் நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் பெருவிரல் அடையாளம் எடுக்க வேண்டும். அந்தச் சாட்சி உங்களோடு வந்தவராக இருப்பது நல்லது. ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பிரதி இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். விளங்கக்கூடிய வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள், கேட்க வேண்டும். இலங்கை உட்பட 8 நாடுகளில் 4 முதல் 16 வயது வரையான 20,000க்கு மேற்பட்ட பிள்ளைகளோடு 2016இல் தொடங்கிய டெங்குத் தடுப்பூசி ஆய்வில் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஏழு வயதில் சேர்ந்த பிள்ளை முடியும்போது பெரிய வகுப்பில் இருக்கும். பள்ளிக்கூடம் மாறுவது, வீடு மாறுவது எல்லாவற்றையும் யோசித்துச் சம்மதியுங்கள். வருத்தக்காரர் பேச முடியாத நிலையில் இருந்தால் நெருங்கிய உறவினரிடம் கேட்பார்கள். அப்போது, நினைவிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை வைத்தே பதில் சொல்லுங்கள்.

"இல்லை" என்றால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்கக் கூடாது. உங்கள் கிளினிக் தொடரும், மருந்து தொடரும், நம்பர் பின்னுக்குப் போகாது. "இப்ப வேண்டாம் டொக்டர், குறை நினையாதேங்கோ" என்று சொன்னால் போதும். காரணம் சொல்லக் கடமை இல்லை.

சேர்ந்த பிறகு

முதல் வருகையில் பரிசோதனைகள் செய்து, நீங்கள் பொருத்தமானவரா என்று பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் மனம் நோகாதீர்கள், அது உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

குடிக்கும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இதில்தான் எங்கள் ஊரில் ஆய்வுகளும் ஆட்களும் இடறுகிறார்கள். டொக்டர் ஏசுவார் என்று பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், கருஞ்சீரகம், பரியாரியார் கொடுத்த சூரணம், கசாயம் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சீனிக்கான புது மருந்தோடு பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கக்கூடும். ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் மூலிகைகளும் உண்டு. போத்தலையே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளுக்கு முதல் நாளே கேட்க வேண்டியது: காலை இன்சுலினையும் சீனிக் குளிசையையும் என்ன செய்வது? புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருபவர் சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், பாதி வழியில் வியர்த்து மயங்கும் ஆபத்து இருக்கிறது. தூரத்திலிருந்து வருவதைச் சொல்லி முதல் ஆளாக இரத்தம் எடுக்கக் கேளுங்கள். சாப்பாட்டைக் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு பிடிப்பவர்கள், ரமழான் எந்த மாதம் வருகிறது, குளிசை நேரத்தை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். பெரும்போக அறுவடை நாட்களையும் அப்படியே முன்கூட்டிச் சொல்லுங்கள். வருகைத் திகதியைச் சில நாட்கள் முன்பின் மாற்ற இடமிருக்கும், சொல்லாமல் விட்டால்தான் சிக்கல்.

ஓர் அட்டை தருவார்கள். ஆய்வின் பெயர், உங்கள் இலக்கம், எந்த நேரமும் அழைக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் அதில் இருக்கும். அடையாள அட்டையோடு வைத்திருங்கள். பல் பிடுங்கப் போனாலும், தனியார் டொக்டரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் காட்டுங்கள். இரவில் திடீரென்று மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வந்தவர்களிடம் முதலில் அந்த அட்டையைக் கொடுங்கள். நீங்கள் எந்தக் குளிசை குடிக்கிறீர்கள் என்பதை உயிர் ஆபத்தான நேரத்தில் உடனே திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

மருந்தை வீட்டில் யாருக்கும் பகிராதீர்கள். மிஞ்சிய குளிசையையும் வெறும் போத்தலையும் திருப்பிக் கொண்டுபோங்கள். எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டு நாள் குடிக்க மறந்திருந்தால் மறந்தேன் என்றே சொல்லுங்கள். குடித்ததாகச் சொல்லிக் குளிசையைக் குப்பையில் போட்டால், வேலை செய்கிற மருந்தும் வேலை செய்யாததாகக் கணக்கில் வரும். அதன் நட்டம் எங்களைப் போன்ற வருத்தக்காரர்களுக்குத்தான்.

விலகுவதும் முடிவதும்

எந்த நாளிலும் விலகலாம். ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும். போனில் சொன்னாலும் போதும். கடைசியாக ஒரு பரிசோதனைக்கு வரச் சொன்னால் முடிந்தால் போய்வாருங்கள். அதுவரை எடுத்த தகவலை வைத்திருப்பார்களா, அழிப்பார்களா என்பது சம்மதப் பத்திரத்தில் இருக்கும்.

மரியாதை இல்லாமல் நடத்தினால், சொன்ன காசு தராவிட்டால், விலக விடாமல் நெருக்கினால், ஆய்வுக் குழுவோடு வாதாடிக் களைக்க வேண்டாம். தகவல் பத்திரத்தில் உள்ள நெறிமுறைக் குழுவின் இலக்கத்துக்கு நேரே அழையுங்கள், அல்லது தமிழிலேயே கடிதம் எழுதுங்கள். பெயர், ஆய்வின் பெயர், என்ன நடந்தது, எந்தத் திகதியில் நடந்தது, இவ்வளவும் போதும்.

முடியும் நாளில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மருந்து எனக்கு உதவியிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா, கிடைக்காவிட்டால் பழைய மருந்துக்கு எப்படித் திரும்புவது, முடிவை எனக்கு யார் சொல்வார்கள்? மூன்றாவதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். ஆய்வின் பதிவு இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். முடிவு வெளியாக ஒன்றிரண்டு வருடம் போகலாம். அந்த இலக்கத்தை வைத்து வீட்டுப் பிள்ளையைப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள், ஒன்றும் காணாவிட்டால் பதிவில் உள்ள ஆய்வாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.